நம்பிக்கை லைசென்ஸும் வருங்கால மாமனாரும்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதாருக்கு எதை வேண்டுமானாலும் விளக்கிவிடலாம். ஆதாரம் கேட்காமலே நம்பும் மிஷின் ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் விளக்கவே முடியாது. என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அதை முயன்று பார்த்தேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு வைஃபை போட வேண்டும். அங்கே மேனேஜர், சுபேதார் வேலுச்சாமி. அவர் மகள் செல்விக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது; அவர் 'சரி' என்று சொல்வதுதான் பாக்கி. (வேலையைக் காட்டி அசத்திவிடலாம் என்று நானே கேட்டு வாங்கிய சைட் அது. நல்லா வேணும் எனக்கு.)

மண்டபத்துக் கூரை முழுக்க வைஃபை பெட்டிகள். அத்தனையையும் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர் ஆபீஸ் அறையில் இருந்தது. எத்தனை பெட்டிக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம் என்று அது கேட்கும். நாம் எண்ணைத் தட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கினால் போதும், அந்த எண்ணிக்கைக்குப் பெட்டிகளை ஓடவிடும். அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது.

"அப்போ பொய் சொன்னா?" என்றார் அவர்.

"நம்பிரும் மாமா. நாம நேர்மையா இருப்போம்னு கம்பெனி நம்புது."

"எந்தக் கிறுக்கன் தம்பி இப்பிடிக் கம்பெனி நடத்துதான்?"

லைசென்ஸ் வாங்கிய பில்லைக் காட்டினேன்.

"இது நீங்க வாங்குனது. உள்ள எம்புட்டுப் போட்டீகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குள் திறப்பு விழா தொடங்கிவிட்டது. மண்டப முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து மேடைத் திரையில் தோன்றி வீடியோவில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். படம் தெளிவாக வருகிறதா என்று நான் வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். அந்த இடைவெளியில் மாமா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எதையும் நம்பும்னீகளே, பாப்போம்" என்று எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டு அமுக்கினார்.

பாவி மிஷின், அதையும் நம்பிவிட்டது.

கூரைப் பெட்டிகளின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. திரையில் முதலாளி மகன் வாயைப் பிளந்தபடி உறைந்து போனான். நான் பாய்ந்து வந்து பழைய எண்ணைத் தட்டினேன். ஒப்பந்தம் நீளமாக விரிந்தது. 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அமுக்கப் போனால், மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிக்காம ஒத்துக்கிடலாமா? நகருங்க, படிக்கேன்."

"மாமா, வெளிய எல்லாரும் காத்துக்கிட்டு..."

"காத்திருக்கட்டும். இதுல 'பயனாளர்'னு போட்டிருக்கே, அது நானா, நீங்களா?"

முதல் பத்தியை அவர் விரல் வைத்துப் படித்து முடிப்பதற்குள் முதலாளி வந்து நின்றார்.

"யாருய்யா அமத்துனது?"

எனக்குச் செல்வியின் முகம் கண்ணில் வந்து போனது. "மிஷின்ல கோளாறு சார். தானா நின்னுருச்சு" என்றேன்.

மாமா எழுந்து விறைப்பாக நின்றார். "இல்ல மொதலாளி. நாந்தான் பூஜ்யம் போட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி பொய் சொன்னீக? லைசென்ஸையும் இப்பிடித்தான் போட்டீகளா?"

(அவரைக் காப்பாற்றத்தானே சொன்னேன்! இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?)

கடைசியில் முதலாளியே பட்டனை அமுக்கினார். வைஃபை திரும்பி வந்தபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா சாப்பிடப் போகவில்லை. அண்ணாந்து பார்த்தபடி மண்டபம் முழுக்க நடந்து, ஒவ்வொரு பெட்டியையும் பில்லோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போனது. அதற்காக என்னைப் பார்த்து ஒரு சிரிப்புகூட இல்லை.

பெண் கிடைக்காது என்றே முடிவுகட்டியிருந்தேன். ஆனால் அவர் சம்மதம் சொல்லி அனுப்பினார். காரணத்தை நிச்சயதார்த்தத்தில் ஊரறியச் சொன்னார்: "மாப்பிள்ளை பொய் சொன்னா காது செவந்துருது. எம்மகளுக்குக் கண்டுபிடிக்க லேசா இருக்கும்."

இன்றும் வீட்டில் பால்கோவா குறைந்திருந்தால், நான் ஒரு ஸ்பூன்தான் எடுத்தேன் என்பேன். "எத்தனைன்னு நீங்களே போட்டுக்கிடுங்க, நாங்க நம்புதோம்" என்பாள் செல்வி. அதற்குள் மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்து பார்க்கப் போயிருப்பார்.