செல்லுபடியாகாத நாற்பத்து மூன்று

"ஒரே தாள்ல பதினாலு வோட்டா?"

பதியுதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் பதினாலுதான்.

"ஓம் சேர். பதினாலு பேரும் சவூதில ஒரே கேம்ப். ஒராளுக்கிட்டத்தான் கொம்பியூட்டர் இரிக்கி" என்றாள் நதீரா. கல்முனையில் தொலைபேசிக் கடை நடத்தியவள். அந்த 1999இல் அவளுடைய கடைக்கு மின்னஞ்சலும் வரத் தொடங்கியிருந்தது.

பதியுதீன் மருதமுனை வாசிகசாலைச் சங்கத்தின் தேர்தல் அதிகாரி. அரசாங்கத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற இலிகிதர். முப்பது வருடம் பிறருடைய விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர், ஓய்வுக்குப் பிறகு அதையே இலவசமாகச் செய்துவந்தார்.

பதினொரு வருடமாக ஷரிபுதீன் ஹாஜியார்தான் சங்கத்தின் தலைவர். இந்த முறை வென்றதும் வாசிகசாலையின் முன்னறையைத் தன் சீமெந்து மூட்டைகளுக்கு எடுக்கப்போவதாக அவர் சொல்லிவிட்டார். அந்த அறையில் பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய றாஹிலா டீச்சர் அவரை எதிர்த்து நின்றார். பிள்ளைகளின் வாப்பாமார் பாதிப்பேர் சவூதியிலும் கட்டாரிலும் இருந்தார்கள். "நாங்களும் அங்கத்தவர்தானே, கொம்பியூட்டரால வோட்டுப் போடுறம்" என்று அவர்கள் கேட்க, சங்கமும் ஏதோ ஒரு அசந்த நேரத்தில் சம்மதித்துவிட்டது.

"இதுல கையெழுத்து எங்க புள்ள?"

"ஈமெயில்ல கையெழுத்து வராது சேர்."

"கையெழுத்தில்லாத தாள்ல கத்தரிக்காதான் சுத்தலாம்" என்றார் பதியுதீன்.

அன்றே அவர் ஒரு வழி கண்டார். ஆளுக்கொரு இரகசிய இலக்கம். வெளிநாட்டு விலாசம் கையில் இல்லாததால் இலக்கங்களை அவரவர் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார். மனைவிமார் நதீராவின் கடைக்கு வந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, இரைச்சல் லைனில் கணவன்மாருக்கு அதைச் சொன்னார்கள்.

"நாலாயிரத்தி பன்னெண்டு! இல்லங்க, பன்னெண்டு! பத்தும் ரெண்டும்!"

மீன் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். மறுநாள் காலை ஷரிபுதீன் ஹாஜியாரின் மருமகன் எல்லா இலக்கங்களையும் அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்து, "சரியாண்டு பாருங்க சேர்" என்று நீட்டினான்.

இலக்கங்கள் ரத்தாயின. இனி ஒவ்வொருவரும் தன்னோடு நேரே தொலைபேசியில் கதைக்க வேண்டும், வாப்பாவின் பெயரும் வாப்பாவின் வாப்பாவான மூத்தாப்பாவின் பெயரும் சொல்ல வேண்டும் என்று அறிவித்தார் பதியுதீன். வெள்ளிக்கிழமை, வெளிநாட்டில் லீவு நாள், ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

"சேர், என்ட வோட்டு றாஹிலா டீச்சருக்கு!"

"செல்லாதீங்க! இது இரகசிய வாக்கு!"

"செல்லாம எப்பிடி சேர் போடுற?"

பதில் இல்லாத கேள்விகளைப் பதியுதீன் முப்பது வருடமாக என்ன செய்தாரோ அதையே செய்தார். டீச்சருக்கென்றே வந்த நாற்பத்து மூன்று வாக்குகளையும் ஒரு கோப்பில் போட்டு, 'இரகசியம் பேணப்படவில்லை, செல்லுபடியாகாது' என்று சிவப்பு மையால் எழுதிக் கட்டினார். நெஞ்சு நிறைந்து போயிற்று.

தேர்தல் நாளன்று விடியற்காலை தொடங்கிய மழை ஓயவே இல்லை. முன்னறையில் வாக்குப் பெட்டி. பக்கத்தில் காவலாளி அச்சிமுகம்மது. பதியுதீன் வழக்கம்போலப் பின்னறையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். தேர்தல் அதிகாரி வாக்காளரின் முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் பெட்டி திறக்கப்பட்டது. ஹாஜியாருக்கு நாற்பத்தெட்டு, டீச்சருக்கு ஒன்பது.

"பாத்தீங்களா?" பதியுதீன் பெட்டியை ஒரு பிள்ளையைப்போலத் தடவினார். "இதுக்கு லைன் வேணாம், கரண்ட் வேணாம். மழையெண்டும் பாக்காம ஐம்பத்தேழு பேர் வந்து தங்கட கையால சீட்டுல புள்ளடி போட்டிருக்காங்க. இதுதான் தேர்தல்! கண்ணுக்குத் தெரியாத ஆக்கள்ட வோட்டெல்லாம் ஒரு வோட்டா?"

"அந்த நாப்பத்திமூணையும் சேத்தா நான்தானே சேர் வெண்டிருக்கன்?" என்றார் றாஹிலா டீச்சர்.

"சட்டமெண்டு ஒண்டு இரிக்கி டீச்சர்."

வகுப்புக் கரும்பலகையை டீச்சரும் அவருடைய தங்கச்சியுமாகத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். வாசலில் சீமெந்து லொறி ஏற்கெனவே வந்து நின்றது.

எல்லோரும் போன பிறகு பதியுதீன் மேசையில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார். "இந்த மழையில சனம் வருமோ எண்டு காலையில பயந்துதான் போனன், அச்சிமுகம்மது."

அச்சிமுகம்மது வாக்குச் சீட்டுகளை அடுக்கிக் கட்டியபடி ஆறுதலாகச் சொன்னான்: "நீங்க ஏன் சேர் பயப்புடுறீங்க, போன முறை ஒருத்தருமே வரல்ல, இந்த முறை மூணு பேராவது வந்தாங்களே, மிச்சத்துக்கு வழமபோல நான்தான் புள்ளடி போட்டன், எல்லாம் ஹாஜியாருக்கே போட்டாச் சந்தேகம் வருமெண்டு டீச்சருக்கும் ஆறு போட்டுவிட்டன்."