கிளியம்மாளின் தெளிவில்லாத வாக்குமூலம்

“நீ எங்க சார் பாத்தே? மாரி டீக்கடையாண்ட நின்னுகினு இருந்தியே, என் காலு பெடல்ல இருந்துச்சா இல்லியான்னு அங்கேருந்தே உனுக்குத் தெரிஞ்சிதா?” என்று கேட்டாள் கிளியம்மாள்.

“வார்த்தைகளை அளந்து பேச வேண்டும். சம்பவம் நிகழ்ந்த தருணத்தில் நான் இயந்திரத்தின் அருகிலேயே இருந்தேன்” என்றார் சூப்பர்வைசர் தசரதன்.

“இருந்தே, இருந்தே. டீ கிளாஸும் கையுமா இருந்தே.”

“அமைதி” என்று மேஜையைத் தட்டினார் விசாரணை அதிகாரி பலராமன்.

உண்மையைக் கண்டுபிடிக்க உலகம் எத்தனையோ வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. தீயில் இறங்கச் சொன்னார்கள், கற்பூரத்தை அணைக்கச் சொன்னார்கள், கைரேகை எடுத்தார்கள். இத்தனை சிரமமும் வேண்டாம், ஆள் பேசும் தோரணையைக் காதால் கேட்டாலே போதும் என்ற மகத்தான முறையை மனித குலத்துக்கு வழங்கிய பெருமை, ஒரகடத்துக்குப் பக்கத்தில் டப்பா மூடி செய்துவந்த ஒரு தொழிற்சாலையையே சேரும். ஆண்டு 1984. அந்த முறையின் முதல் பயனாளி கிளியம்மாள்.

கிளியம்மாள் ஆறு வருடமாக மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவள். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மேலேயிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கும், தகடு மூடியாகும். அந்த மெஷினுக்குச் சில நாளாகப் புதுக் குணம் வந்திருந்தது. யாரும் மிதிக்காமலே, மனம் போனபோது இறங்கியது. இறங்குவதற்குச் சற்று முன் உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் கிளியம்மாள் பத்து விரலையும் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் தசரதனிடம் மூன்று முறை சொன்னாள். நான்காம் முறை மெஷினே சொல்லிவிட்டது. தகடு கோணலாக இருக்கும்போது தானாக இறங்கி, மூடிக்கு வடிவம் தரும் எஃகு அச்சு இரண்டாகப் பிளந்தது. பெடலை மிதித்தது அவள்தான், அருகில் நின்று பார்த்தேன் என்றார் தசரதன். ‘கவனக்குறைவால் சேதம் விளைவித்தல்’ என்று கிளியம்மாள் மேல் குற்றப்பத்திரிகை வந்தது. நிரூபணமானால் வேலை போகும். ஏரியில் தண்ணீர் இல்லாமல் புருஷன் நாகப்பனின் நிலம் இரண்டு வருடமாகத் தரிசு. இந்த வேலையும் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

சூப்பர்வைசர் தசரதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரேடியோவில் செய்தி வாசிக்க மூன்று முறை தேர்வுக்குப் போய், மூன்று முறையும் திரும்பி வந்தவர். குரல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. “தேநீர் ஒன்று” என்று அவர் கேட்டால், ஏதோ அணையின் நீர்மட்டத்தை அறிவிக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பலராமன் சாருக்கோ தெளிவான தமிழ் என்றால் உயிர். அவர் பிறந்தது வாலாஜாபாத். பிறந்த ஊர்ப் பேச்சை, பட்டணத்துக்குப் படிக்கப் போன அன்றே பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைத்துவிட்டார் என்று கேள்வி. விசாரணையைக் குறிப்பெடுத்த டைப்பிஸ்ட் லூர்து மேரிக்கு அவர் ஒரே ஒரு விதி வகுத்துக் கொடுத்திருந்தார். தெளிவான தமிழில் வருவதை வரிக்கு வரி எழுத வேண்டும். மற்றதற்கு ‘தெளிவில்லை’ என்று எழுதினால் போதும். லூர்து மேரி விதி என்றால் விதி என்று இருப்பவள்.

அன்று முதல் சாட்சி டீக்கடை மாரி.

“சூப்பர்வைசர் சாருக்கு அந்த நேரத்துல நான்தான் சார் டீ குடுத்தேன்” என்றான்.

“அது முந்தைய தினம்” என்றார் தசரதன், செய்திகள் முடிவடைந்தன என்ற தொனியில்.

மாரி தலையைச் சொறிந்தான். தசரதனைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். “இவ்ளோ நல்லா சொல்றாரே. அப்ப அதுக்கு முந்துன நாளாத்தான் சார் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். தன் கையால் ஆற்றிக் கொடுத்த டீயைத் தானே நம்பாதவனை அந்தப் பக்கத்தார் அன்றுதான் கண்டார்கள்.

கிளியம்மாள் கால் மணி நேரம் பேசினாள். ‘டொக்’ சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினாள். குறிப்பில் ஒரு சொல் விழுந்தது: ‘தெளிவில்லை’.

ஆனால் சட்டம் தாயுள்ளம் கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவர், சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். கிளியம்மாள் நேராக இருதயசாமியிடம் போனாள். இருதயசாமி மெஷின்களுக்கு எண்ணெய் விடுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வேத வாசகம் வாசிப்பவர். வாரத்தில் ஆறு நாள் ஊர்ப் பேச்சு, ஏழாம் நாள் மட்டும் வேறு குரல்.

“நான் அன்னிக்கி நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வூட்ல தூங்கிகினு இருந்தேன் கிளியம்மா. நான் இன்னாத்தப் பாத்தேன்?”

“பாத்தவ சொன்னா நம்பலியேண்ணா. பாக்காத நீயாவது சொல்லு.”

நியாயம்தான் என்று இருதயசாமிக்கும் பட்டது.

அடுத்த விசாரணைக்கு அவர் சலவைச் சட்டை போட்டு வந்தார். எழுந்து நின்று, கைகளைச் சேர்த்துக்கொண்டு, ஏழாம் நாள் குரலை எடுத்தார். “ஐயா, இவ்வம்மையார் மொழிவது மெய்யாகவே மெய். எவருடைய பாதமும் படாதிருக்கையில் அவ்வியந்திரம் தானாகவே இறங்குகின்றது.” லூர்து மேரியின் பென்சில் பறந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தவள், எழுத ஒன்றும் இல்லாத நேரத்திலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தனிக் கதை.

பலராமன் சார் கலங்கிப் போனார். இந்தப் பக்கம் செய்தி, அந்தப் பக்கம் வேதம். இரண்டும் தெளிவான தமிழ். இரண்டும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். முறையே முட்டிக்கொண்டு நின்றதால், வேறு வழியில்லாமல், தொழிற்சாலையின் வரலாற்றில் யாரும் எடுக்காத ஒரு நடவடிக்கையை அவர் எடுத்தார். மெஷினைப் போய்ப் பார்க்கலாம் என்றார்.

எல்லோரும் போனார்கள். புது அச்சு மாட்டி, மோட்டாரைப் போட்டு, எல்லாரையும் பெடலை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பக்கவாட்டுச் சக்கரம் சுற்றியது. கால் மணி நேரம் ஆயிற்று. மெஷின் சாதுவாக நின்றது.

“இயந்திரம் முற்றிலும் பாதுகாப்பானது” என்று அறிவித்தார் தசரதன்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? பேனா பிடித்த கையை உள்ளே விட்டு, “இந்த இடத்திலா உடைந்தது?” என்று தடவிப் பார்த்தார் பலராமன் சார்.

டொக்.

“கைய எடு சார், எறங்கப் போவுது” என்றாள் கிளியம்மாள்.

அவர் கையை எடுக்கவில்லை. முகத்தைச் சுளித்து, இருதயசாமியின் பக்கம் திரும்பி, “அந்த அம்மா என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

இருதயசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஐயா, தாங்கள் தயைகூர்ந்து தங்களுடைய வலது கரத்தை...”

வாக்கியம் வினைச்சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் கிளியம்மாள் பாய்ந்து, பலராமன் சாரின் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் பின்னால் விழுந்தார். இரும்பு இறங்கியது. பேனா மட்டும் உள்ளே தங்கிவிட்டது. வெளியே வந்த பிறகு அதைக் கொண்டு எழுத முடியாது. வேண்டுமானால் ஒரு டப்பாவை மூடலாம்.

தரையில் உட்கார்ந்தபடி பலராமன் சார் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, எந்தக் காலத்திலோ பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைத்தது அத்தனையும் திரும்பி வந்து அவர் வாயில் ஏறிக்கொண்டது. “அய்யோ, இன்னாமே இது. ஒருத்தரும் காலே வெக்கலியே. தானா எறங்குதே. நீ இழுக்கலேன்னா என் கையி போயிருக்குமேம்மா” என்றார்.

லூர்து மேரி விதியை நினைத்துப் பார்த்தாள். அதிகாரியின் பெயரைப் போட்டு, எதிரே எழுதினாள்: ‘தெளிவில்லை’.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அதிகாரி தாமே கண்ணால் கண்டது ஃபைலில் இல்லாததால், அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலவில்லை. ஆயினும் திரு. இருதயசாமி அவர்களின் நம்பத்தகுந்த வாக்குமூலத்தை ஏற்று, அச்சை உடைத்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ‘தக்க தருணத்தில் தெளிவாக எச்சரித்து’ அதிகாரியின் கரத்தைக் காத்தமைக்காக அவருக்குப் பாராட்டும் உண்டு. கிளியம்மாளுக்கு மட்டும் புதிதாக ஒரு குற்றம் சேர்ந்தது: ‘பணி நேரத்தில் மேலதிகாரியின் சட்டையைப் பிடித்தல்’. தடயம், பொத்தான் இரண்டு. சாட்சி, தசரதன். இம்முறை அவர் உண்மையிலேயே அருகில் இருந்தார். “கைய காப்பாத்தத்தானே சார் புடிச்சேன்” என்ற கிளியம்மாளின் விளக்கம் ‘தெளிவில்லை’. தண்டனை, வேலை நீக்கம். மூன்றாம் நம்பர் மெஷினை நிர்வாகம் அலட்சியமாக விட்டுவிடவில்லை. ‘அதிகாரிகள் கை வைக்க வேண்டாம்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டியது.

இருதயசாமி சூப்பர்வைசர் ஆனார். தை மாதம் அவருக்கும் லூர்து மேரிக்கும் கோயிலில் கல்யாணம். ஏழாம் நாள் குரலைக் கட்டிக்கொண்டவளுக்கு மற்ற ஆறு நாளும் சேர்ந்தே வந்தது. “இன்னாமே கொழம்பு இது” என்ற குரல் பக்கத்து வீட்டு வேலி வரை கேட்கும். தசரதன் ஓசூரில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். மாரி கடையை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றிக்கொண்டான், டீ கொடுத்த பிறகும் “குடுத்துட்டேனா?” என்று ஒரு தரம் கேட்பானாம்.

கிளியம்மாள் புருஷனோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபோனாள். ஸ்டேஷன் வாசலில் கொய்யாப்பழம் விற்கிறாள். “தேனாட்டம் கீது” என்பாள். யாரும் கடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. வேலை நீக்க உத்தரவைக் கூடைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அடியில் உள்ள பலராமன் சாரின் கையெழுத்தை மட்டும் எல்லோருக்கும் காட்டுவாள். நல்ல கையெழுத்து, கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. இருக்காதா பின்னே, ஐந்து விரலும் முழுசாக இருந்து போட்டதல்லவா.