அரைக் கிணற்றுக்குப் படிவம் இல்லை

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு,

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தம்பி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கு உங்கள் நலத்தை நான் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. தினமும் காலை ஐந்தரை மணிக்கு உங்கள் இருமல் கிணற்றுக்குள் இறங்கி என் பக்கமாக ஏறி வந்துவிடுகிறது. சளி போய்விட்டது, வறட்டு இருமல் மட்டும் பாக்கி என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அண்ணியின் குரல் கணீரென்று கேட்பதால் அவர்களும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பதினொரு வருடமாகப் பேசாதவன் திடீரென்று ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் குழம்ப வேண்டாம். இது பாசத்தினால் எழுதப்படும் கடிதம் அல்ல, சட்டத்தினால் எழுதப்படுவது. பதிவுத் தபாலில் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். நிலத்தடி நீர் அலுவலகத்துக்காரர்கள் வந்து நம் இரண்டு வீட்டு வாசலிலும் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போய் இன்றோடு இருபத்தெட்டு நாள் ஆகிறது. ஒவ்வொரு கிணற்றையும் முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பதியாத கிணற்றின் வாயை சிமெண்ட் பலகை போட்டு மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். ஒன்பது நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் குழாயில் வருகிற தண்ணீரை நம்பி நம் இரண்டு குடும்பமும் இருக்க முடியாது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் படிவத்தின் நான்காவது கட்டத்தில் ‘கிணற்றின் உரிமையாளர் (ஒருவர் பெயர் மட்டும்)’ என்று போட்டிருக்கிறார்கள். கிணறு ஒன்று, நாம் இரண்டு பேர், பாக்கி இருப்பது இரண்டு நாள்.

அப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘வீடு இரு பாகம், கிணறு பொது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் நீங்கள் மோட்டார் போட்டதும், என் வாளி சேற்றோடு மேலே வந்ததும், நான் ஒன்று கேட்டதும், நீங்கள் ஒன்று சொன்னதும், கிணற்று வாயின் குறுக்கே இரும்பு உத்தரம் போட்டு அதன்மேல் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியதும் இங்கே மறுபடி எழுதத் தேவையில்லை. உள்ளே இறங்குகிற கற்படிகள் உங்கள் பக்கம் போயின, உருளை என் பக்கம் வந்தது. வாய் இரண்டானது, தண்ணீர் ஒன்றாகவே இருந்துவிட்டது. அன்றிலிருந்து நாம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லையே தவிர கிணற்றோடு நிறையப் பேசியிருக்கிறோம். நீங்கள் உங்கள் பக்கம் குனிந்து, “சில பேருக்கு மோட்டார நிறுத்தணும்னே தோணாது போல” என்று கிணற்றிடம் சொல்வீர்கள். நான் என் பக்கம் குனிந்து, “சில பேரு முதல்ல போட்டதாலதான் மத்தவங்களும் போட வேண்டியதாச்சு” என்று அதே கிணற்றிடம் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் அதுதான். வீட்டுப் பெண்கள் இருவரும் வாளியை இறக்கி, சுவருக்கு அடியில் ஒரு ஆட்டு ஆட்டி, அந்தப் பக்கம் கொக்கியால் பிடித்து, மாத்திரை, பத்திரிகை, தையல் ஊசி என்று சகல சாமான்களையும் பதினொரு வருடமாகப் பரிமாறிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும்.

அறிவிப்பு வந்த பத்தாம் நாள் நான் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நிமிராமலே, “ஒரு கிணறு, ஒரு பேரு சார். அவ்வளவுதான்” என்றார்.

“எனக்கு அரைக் கிணறுதாம்மா இருக்கு.”

“அரைக் கிணத்துக்கு ஃபாரம் இல்ல சார்.”

“மீதி அரை எங்க அண்ணனோடது.”

“அப்ப ரெண்டு பேரும் பேசி ஒரு பேரைப் போடுங்க.”

“நாங்க பேசறதில்லம்மா.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். கம்ப்யூட்டரை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்கும் இதுல கட்டம் இல்ல சார்” என்றார். நம் வீட்டுக் கதவு எண்ணைக்கூடக் கேட்கவில்லை. மாதிரிப் படிவத்தின் முன்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரே வக்கீலிடம் போனேன். அவர் நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்பதையே மாநிலவாரியாக ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது, வரைவறிக்கை வந்திருக்கிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை என் மடியில் வைத்தார். அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவன் மடியில் அச்சடித்த காகிதத்தை வைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. என் வீட்டுக்காரி இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாள், கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

படித்ததில் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாநிலத்தில் நிலம் யாருடையதோ அதன் கீழே இருக்கும் தண்ணீரும் அவருடையது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், பக்கத்துக் கிணறு வற்றினால் அது பக்கத்துக்காரர் தலையெழுத்து. இதன்படி பார்த்தால் ஐந்தரை மணிக்கு மோட்டார் போடும் நீங்கள் நியாயவான், ஆறு மணிக்கு எழுந்திருக்கும் நான் சோம்பேறி. இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு மாநிலத்தில் நியாயமான உபயோகத்துக்கு மட்டும் எடுக்கலாம். எது நியாயம்? நீங்கள் பணிமனையில் இன்ஜின் பார்த்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பழைய ஸ்கூட்டரை வாரம் மூன்று முறை குளிப்பாட்டுகிறீர்கள். நான் பதினான்கு பூந்தொட்டி வைத்திருக்கிறேன். இதை என் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். “ரெண்டுமே நியாயமில்ல, அடுத்த பக்கத்தைப் படிங்க” என்றாள். மூன்றாவது வகையில் முதலில் யார் தண்ணீர் எடுத்தாரோ அவருக்கே முதல் உரிமை. நீங்கள் எனக்கு நாலு வருடம் முன்னால் பிறந்தவர் என்பதற்காக முதல் வாளியும் உங்களுடையது என்று ஆகிவிடாது, ஆனாலும் நீதிமன்றத்தில் அதை நிரூபிப்பது கஷ்டம். நான்காவது வகையில் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு. என்னிடம் ஒன்றே முக்கால் அடி அகலம் அதிகம் இருப்பதால் இது எனக்குப் பிடித்திருந்தது, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தேன். கடைசி வகையில் தண்ணீர் யாருக்குமே சொந்தமில்லை, அரசு எல்லோருக்காகவும் அதைக் காத்து வருகிறது. கிணறுகளைப் பதியச் சொல்கிற நம் புதுச் சட்டம் இந்த வகை. இதை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

போன வாரம் குழுவின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் போனேன். ஆளுக்கு மூன்று நிமிடம். எனக்கு மைக் வேலை செய்யவில்லை, செய்தபோது குழுவினருக்கு நன்றி சொல்லியே இரண்டரை நிமிடம் போய்விட்டது. சாட்சியமாக இருக்கட்டும் என்று நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். உதவியாளர் அதைக் குடிதண்ணீர் என்று எடுத்துப்போய் மேடையில் வைக்க, தலைமை வகித்த ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சாட்சியத்தைப் பாதிக்கு மேல் குடித்துவிட்டார்கள். “தண்ணி நல்லாருக்கே, எந்தக் கிணறு?” என்று கேட்டார்கள். அரைக் கிணறு என்றேன். “இது யாரோட பாதி?” என்றார்கள்.

அண்ணா, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா, “உங்க அண்ணன் என்ன சொல்றாரு?” என்றார்கள். பேசிப் பதினொரு வருடம் ஆகிறது என்றேன். “ஒரே தண்ணியக் குடிச்சிக்கிட்டா?” என்றார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள், நல்லவேளை என்று இறங்கி வந்துவிட்டேன்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்க, கெடு ஒரு பக்கம் இருக்கிறது. நீங்களாக ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று இத்தனை நாள் பார்த்தேன். நீங்கள் கிணற்றிடம்கூட இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆகவே நானே முடிவெடுத்துவிட்டேன். நாளை காலை பத்து மணிக்கு நான்காவது கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுக்கப் போகிறேன். காரணங்கள்: சட்டம் படித்தவன் நான், ஒன்றே முக்கால் அடி அதிகம் உள்ளவன் நான், வயதில் இளையவனாதலால் உரிமையை நீண்ட நாள் வைத்துக் காப்பாற்றக்கூடியவனும் நான். இனி நீங்கள் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அந்தத் தண்ணீர் என் பெயரில்தான் இருக்கும். குடிப்பதைத் தடுக்க மாட்டேன், அந்த அளவுக்கு நான் கெட்டவனில்லை. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும். கிணற்றிடம் சொல்வதை ஆட்சேபணையாக ஏற்றுக்கொள்ள இயலாது.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஸ்கூட்டருக்கும் விசாரிப்புகள். நீங்கள் எல்லா நலமும் பெற்று, இருமல் நீங்கி, நீண்ட நாள் சுவருக்கு அந்தப் பக்கமே சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் தம்பி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, தபால் நிலையத்துக்குப் போகும் முன் நாளைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்க அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதே அம்மா கதவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது ஏற்கெனவே பதிவாயிடுச்சே சார்” என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “யார் பேர்ல?” என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் திரையை என் பக்கம் திருப்பினார். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். விண்ணப்பித்தவர் நீங்கள். தேதி, அறிவிப்பு ஒட்டிய மூன்றாம் நாள்.

“உங்க அண்ணன்தானே? இருமிக்கிட்டே வந்தாரு. தம்பி பேரையே போடுங்கம்மா, அவன்தான் எல்லாத்தையும் படிப்பான்னாரு.”

அண்ணா, மறைக்காமல் சொல்கிறேன், கவுண்டரில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகலை என்னிடம் நீட்டி, “பின்பக்கம் படிச்சீங்களா சார்?” என்று கேட்டார். படிவத்துக்குப் பின்பக்கம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தண்ணீர் அரசுடையது, முன்பக்கத்தில் ‘உரிமையாளர்’ எனப்படுபவர் பொறுப்பாளர் மட்டுமே. மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து எழுதுவது, மழைநீர்க் குழி தோண்டுவது, மோட்டார் ஓடிய நேரத்துக்குக் குறிப்பேடு வைப்பது, அதிகாரிகள் வரும்போதெல்லாம் நேரில் நிற்பது, ஆய்வுக்கு முன் தூர் வாருவது எல்லாம் அவர் தலையில். ஆய்வு வருகிற திங்கட்கிழமை. கண்ணில் வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. இயந்திரம் வாங்கினால் உத்தரவாதச் சீட்டின் பின்பக்கத்தை முதலில் படிக்கிறவர் நீங்கள் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரி, “தெரியுமே, அக்கா அன்னிக்கே வாளியில எழுதி அனுப்பிட்டாங்க” என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். “ரெண்டு தடவை சொல்ல வந்தேன், நீங்க கையக் காட்டினீங்க” என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து அண்ணியின் சிரிப்பு கேட்டது.

ஆனால் பின்பக்கத்தின் கடைசி வரியை நீங்கள் நிரப்பி வைத்திருந்ததை இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தூர் வாரக் கிணற்றில் இறங்குபவர்: என் பெயர். மேலே கயிறு பிடிப்பவர்: உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து. இதற்கு வேறு ஆளைப் போடலாம் என்று அங்கேயே அச்சடித்திருக்கிறது. நீங்கள் போடவில்லை.

கற்படிகள் உங்கள் பக்கம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும், வருகிறேன். தபாலுக்கு நேரமில்லை, இதை வாளியில் அனுப்புகிறேன். மேலே உரிமை பற்றி எழுதியவற்றை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அதே வாளியில் இருமல் மருந்து ஒரு பாட்டில் இருக்கிறது, வேளைக்கு இரண்டு மூடி. அக்கறையால் அனுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கயிறு உங்கள் கையில் இருக்கும், அப்போது மட்டும் இருமாதீர்கள்.