சாப்பாட்டு மேஜை மேல் ஒரு மகாராணி

அந்தத் தையல் மெஷினை வீட்டை விட்டு அனுப்பாமல் ஓய்வதில்லை என்று முடிவெடுத்தேன். சாப்பாட்டு மேஜை முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. குடும்பத் தலைவராகிய நான் மாடிப்படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன்.

சாதாரண மெஷின் இல்லை, மகாராணி. தொடுதிரை உண்டு. நூலைத் தானே வெட்டிக்கொள்ளும். இத்தனையும் எதற்கு? நல்ல துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அதே துண்டுகளை மறுபடி சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வையாக்க! குவில்ட் என்று சொல்ல வேண்டுமாம். போர்வை என்றால் என் மனைவி முறைக்கிறாள்.

"புது மெஷின் இல்லையா, கை பழகக் கொஞ்ச நாள் ஆகுங்க."

"அதுவரைக்கும் நான் படியில சாப்பிடணுமா?"

"காத்தோட்டமா இருக்குமே!"

பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஆக, அவள் வாயாலேயே 'வேண்டாம்' வர வேண்டும். வழியும் கடையிலேயே கிடைத்தது. துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் நூல் கோர்க்க வேண்டும் என்று கடைப்பெண் சொன்னாள். இறக்கி வைத்துக் கோர்த்தால், துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிடும். என் மனைவி அப்போது துணி நிறங்களில் மூழ்கியிருந்தாள். நான் மட்டும் கேட்டுக்கொண்டேன். மூளை இருப்பவனுக்கு இது போதாதா?

தினமும் அவள் குளிக்கப் போனதும் நூலை உருவி, பாதத்தை இறக்கி, மறுபடி கோர்த்து வைத்தேன். தினமும் குருவிக்கூடு. அவள் ஊசியை மாற்றினாள், அடிநூல் சுற்றிய பாபினை மாற்றினாள். நான் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினேன். என் நடிப்பு எனக்கே பிடித்துப்போயிற்று.

தனக்கும் ஒரு குவில்ட் வேண்டும் என்று கேட்டு வந்த எதிர் வீட்டு டீச்சரம்மா முன்னால், ஒரு நாள் அவள் கையை விரித்தாள்.

"திருப்பிக் குடுத்துடலாங்க. மெஷின்லதான் கோளாறு."

மனசுக்குள் மேளம் கொட்டியது. "உன் இஷ்டம்மா," என்றேன், சோகமாக.

"சார் ஒரு தடவை தைச்சுப் பார்க்கலாமே?" என்றார் டீச்சரம்மா.

"அய்யே, இவரா? பல்பு மாட்டவே ஆள் கூப்பிடுவாரு!"

இருவரும் சிரித்தார்கள். அங்கேதான் விழுந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் மேஜை எனக்கு. ஆனால் பல்பு என்றுவிட்டாளே! நாற்காலியை இழுத்துப் போட்டேன். பாதத்தைத் தூக்கினேன். நூலை உருவி, புதிதாகக் கோர்த்து, பெடலை மிதித்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தையல் ஓடியது. அடியிலும் அப்படியே. டீச்சரம்மா கை தட்டினார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"பாதத்தைத் தூக்கிட்டுக் கோர்க்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?" மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அது... தற்செயலா..."

"கடையில என் கண்ணுதாங்க துணியைப் பார்த்துச்சு, காது இல்ல. நான் ஒழுங்கா கோர்த்துட்டுக் குளிக்கப் போறேன், வந்து பார்த்தா பாதம் இறங்கிக் கிடக்கு. இந்த வீட்ல வேற யாரு இருக்கா? நடிக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?"

நான் காலரை இறக்கிவிட்டுக்கொண்டேன். வெட்டி வைத்திருந்த துணித் துண்டுகளை அடுக்கோடு தூக்கி என் முன்னால் வைத்தாள்.

"டீச்சர், உங்க குவில்ட்டை இவரே தைச்சுக் குடுத்துடுவாரு."

"அவசரமில்ல சார், நிதானமா தைங்க," என்றார் டீச்சரம்மா. "எங்க கட்டில்தான் கொஞ்சம் பெரிசு."