பக்கவிளைவே இல்லாத ஆஸ்பத்திரி

உலக மருத்துவ வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது: குவென்டின் த்ரப் கால்டர் பிளாட்டுக்கு வருவதற்கு முன், வந்ததற்குப் பின். முன்னெல்லாம் மருந்து என்றால் பக்கவிளைவு இருக்கும் என்று மனிதகுலம் அப்பாவியாக நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் கோதுமை வயல்களுக்கு நடுவே, இருபத்திரண்டு கட்டில் கொண்ட ஓர் ஆஸ்பத்திரியில், ஒரே காலாண்டில், ஒரு மாத்திரையைக்கூட மாற்றாமல் அவர் அதை ஒழித்துக்கட்டினார்.

அந்த மகத்தான சாதனைக்குக் குறுக்கே நின்றவள் ஒருத்திதான். நெஞ்சு நோய் வார்டின் தலைமை நர்ஸ் நோரீன் ஹாகர்ட்டி. முப்பது வருட சர்வீஸில் அவள் எந்த நோயாளியிடமும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. கேட்டுப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். கால்டர் பிளாட்டுக்காரன் அறுவடை இயந்திரத்துக்கு விரலைக் கொடுத்துவிட்டு வந்தாலும், "பரவால்ல, இன்னும் ஒம்பது இருக்கு" என்பான். குறை சொல்வது இந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். ஆகவே நோரீன் கட்டளைதான் இடுவாள்: "கையை நீட்டுங்க. வாயைத் திறங்க."

நீட்டிய கை நீல இன்ஹேலரின் கதையைச் சொல்லிவிடும். திணறும்போது மூச்சைத் திறந்துவிடுகிற மருந்து அது. அளவு மீறினால் விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வாய், பழுப்பு இன்ஹேலரின் கதையைச் சொல்லும். திணறலே வராமல் தினமும் காக்கிற மருந்து அது. இழுத்தபின் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும். வாய் எரிகிறவன் யாரிடமும் சொல்லாமல் பழுப்பைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, நீலமே கதி என்று கிடப்பான். அங்கேதான் ஆபத்து. ஒரு டார்ச் வெளிச்சத்தில் நோரீன் இவ்வளவையும் கண்டுபிடித்துவிடுவாள். கண்டதைத் தாளில் எழுதியும் வைப்பாள்.

எழுதி வைத்ததுதான் குற்றம்.

'நோயாளி அனுபவ மேம்பாட்டு இயக்குநர்' குவென்டின், காலைத் தேநீர்க் கூட்டத்தில், தேங்காய்த் துருவல் தூவிய கேக்குகளுக்கு மேலாக ஒரு வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு மாசத்துல நம்ம பக்கவிளைவு இருநூத்திப் பதினாலு. பக்கத்து ஊர்ல வெறும் ஒம்பது. என்ன சொல்றீங்க நோரீன்?"

"அங்க யாரும் பார்க்கறதில்லைன்னு சொல்றேன்."

"அதேதான்!" குவென்டின் மேசையைத் தட்டினார். "அவங்க பார்க்கலை, அதனால இல்லை. நீங்க பார்க்கறீங்க, வந்துடுது. கையை நீட்டச் சொன்னா யாருக்குத்தான் நடுங்காது? இதோ, எனக்கே நடுங்குது!"

"உங்களுக்கு இது நாலாவது காபி, குவென்டின்."

"வாய்க்குள்ள டார்ச் அடிக்கறது நோயாளியோட தன்னம்பிக்கையைக் குலைக்கும்."

"வாய்க்குள்ள இருக்கறதை வேற எந்த வழியா பார்க்கச் சொல்றீங்க?"

இந்த ஆழமான விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது. பழைய தாள் ஒழிந்தது. இனி, வீட்டுக்குப் போகிற நோயாளி ஐந்து முகங்கள் அச்சிட்ட ஒரு படிவத்தில், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை, தனக்குப் பிடித்த முகத்தில் குறியிடுவார். பக்கவிளைவு இருந்தால் எழுதத் தடையில்லை; ஆனால் நோயாளி 'தாமாக முன்வந்து' தெரிவித்திருக்க வேண்டும். கால்டர் பிளாட்டில் தாமாக முன்வந்து! வெள்ளைக் காக்கை பறந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் தாள் மிச்சமாகியிருக்கும்.

மீறினால் துணிக்கிடங்குக்கு மாற்றம் என்று ஒரு கடிதமும் வந்தது. நோரீன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் டார்ச்சை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். அதற்காக அவள் பின்னால் தன்னை மன்னிக்கவே இல்லை.

அக்டோபர் கடைசியில் கிழவர் கிளாரி டகன் வீட்டுக்குக் கிளம்பினார். தானியக் கிடங்கில் நாற்பது வருடம் தூசியைத் தின்ற ஆஸ்துமாக்காரர். முகப் படிவத்தை நீட்ட, விழாக் காண்பதுபோல் குவென்டினே நேரில் வந்திருந்தார். கிளாரி பேனாவைப் பிடித்தார். சிரிக்கிற முகத்தில் போட வேண்டிய குறி, நடுங்கி நடுங்கிப் பக்கத்து முகத்தின் காது வரை போய்த் திரும்பியது.

"ரொம்ப உற்சாகமா போட்டிருக்கார்!" என்றார் குவென்டின்.

கிளாரி கிளம்பவில்லை. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் சிஸ்டர், இன்னைக்கு வாயைப் பார்க்கலியா?"

அந்த ஊர்க்காரன் ஒருவன் முறையீடு என்று செய்யக்கூடியது அவ்வளவுதான். நோரீனுக்கு அது புரிந்தது. குவென்டினைப் பார்த்தாள். பூட்டிய மேசையைப் பார்த்தாள்.

"இப்ப அதெல்லாம் இல்ல கிளாரி. ஏதாவது தொந்தரவுன்னா நீங்களாத்தான் சொல்லணும்."

"தொந்தரவா? எனக்கா? சேச்சே!" கிளாரி வாயை மூடிக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

நவம்பரில், புல் பூத்துக் கிடந்த ஒரு மத்தியானம், இடிமழை வந்தது. காற்று வயல்வெளி மகரந்தம் முழுவதையும் அள்ளி ஊருக்குள் கொட்டியது. ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி வந்தவர்களால் வார்டு நிரம்பியது. கிளாரியைப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. சட்டைப்பையில் மூன்று நீல இன்ஹேலர்கள், மூன்றும் காலி. நோரீன் அவர் வாயைத் திறந்தாள். நாக்கிலிருந்து தொண்டை வரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.

அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள், டாக்டரும் செய்தார். நாலரை மணிக்கு முயற்சியை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதிக்கிற ஆய்வாளர்கள் டிசம்பரில் வந்தார்கள். அந்தக் காலாண்டின் பக்கவிளைவு: பூஜ்யம். வாசலில் பித்தளைப் பட்டயம் மாட்டி, குவென்டின் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பட்டயத்தின் பளபளப்பு மங்குமுன் கிளாரியின் மனைவி டல்சி வந்தாள். கையில் ஒரு கடிதம். வீடு திரும்பியவர்களுக்கு ஆறு வாரம் கழித்துத் தானாகவே போகிற கடிதம் அது. 'அன்புள்ள கிளாரி, இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' கீழே ஐந்து முகங்கள்.

"பழுப்பு டப்பா பெட்டிக்குள்ள அப்படியே இருக்கு நோரீன். வாய் எரியுதுன்னு என்கிட்டக்கூட அந்த மனுசன் மூச்சு விடலை. நீ காட்டச் சொல்லியிருந்தா காட்டியிருப்பார்தானே?"

"காட்டியிருப்பார்" என்றாள் நோரீன். "காட்டத்தான் நின்னார். நான்தான் பார்க்கலை."

டல்சி படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நோரீன் மேசையின் பூட்டைத் திறந்து டார்ச்சை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். துணிக்கிடங்கில் வெளிச்சம் குறைவு என்று கேள்விப்பட்டிருந்தாள், அங்கேயும் உதவும்.

குவென்டின் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். எந்த முகத்திலும் குறி இல்லை. விதிமுறையில் அதற்கும் வழி இருந்தது. பேனாவை எடுத்து, நடுங்காத கையால், கிளாரி டகன் பெயருக்கு நேரே எழுதினார்: 'குறை ஏதுமில்லை.'