தூங்கிப் போன பதற்றம்

சென்னியப்பனின் கலைப்படைப்புக்குள் போய் முதன்முதலில் குறட்டை விட்டவர் பொன்னுச்சாமி.

மண்ணரைப் பகுதியில் ஒரு பழைய பனியன் குடோனுக்குள் இருட்டறை கட்டியிருந்தார் சென்னியப்பன். கூரையிலிருந்து சாம்பல் நிறத் துணிகள் தாறுமாறாகத் தொங்கும். நடுநடுவே அந்தரத்தில் ஃபைபர் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மங்கலாய் ஒரு சிவப்பு விளக்கு. ஸ்பீக்கரில் தையல் மெஷின் சத்தம் விடாமல் ஓடும். ஷிப்மென்ட் நெருங்கும்போது தொழிலாளியின் மனசு படுகிற பாட்டை, உள்ளே போகிறவரும் படவேண்டும். படைப்பின் பெயரே ‘பதற்றம்’.

பக்கத்துக் கம்பெனி டெய்லர் பொன்னுச்சாமி, சாப்பாட்டு நேரத்தில், “சும்மா பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி” என்று உள்ளே போனார். ஆள் வரவில்லையே என்று சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். ஒரு ஃபைபர் கையில் சட்டை தொங்கியது. இன்னொரு கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி. அடியில் பொன்னுச்சாமி கால் நீட்டிப் படுத்திருந்தார்.

ஆத்திரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தார் சென்னியப்பன். பொன்னுச்சாமி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

“என்னாச்சு, கரண்டு போயிருச்சா?”

“ஏனுங்க, நீங்க தூங்கறதுக்கா இத்தனை பாடுபட்டுச் செஞ்சு வெச்சிருக்கறேன்?”

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இங்கன வந்தா தன்னால கண்ணச் சொக்குது.”

சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜவுளிக்கடை பொம்மை, கல்யாண மண்டபத்து வாசல் யானை, ஓட்டல் முன்னால் கைகூப்பி நிற்கும் மீசைக்காரர் என்று அடுத்தவர் கேட்டதையே செய்து சலித்துப்போய், தன் மனசில் இருப்பதைச் செய்ய உட்கார்ந்தவர் அவர். சென்னைக் கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வேல்விழி மேடம் வெள்ளிக்கிழமை வருகிறார்.

“இது ஒண்ணுதானுங்க. தேறலீன்னா பேசாம எங்கண்ணன் கேட்டதைச் செஞ்சு குடுத்துப்போடோணும்” என்று மனைவி பூங்குழலி கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவள் அண்ணன் தங்கதுரை கேட்டது, தன் கம்பெனி வாசலில் நிறுத்த ஜட்டி போட்ட குழந்தை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு.

“பாப்பா சிரிக்கோணும் மாப்ளே. எலாஸ்டிக்ல கம்பெனி பேரு ரோட்டுக்குத் தெரியோணும்” என்று இப்போதே அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் பொன்னுச்சாமியோடு கூட நாலு பேர் வந்தார்கள்.

“நேத்து வெளிப்பேச்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்குத்தான் சொகம்” என்றார் பொன்னுச்சாமி.

பயம் போதவில்லை போல என்று பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டினார். தொங்குகிற துணியெல்லாம் பேயாட்டம் ஆடும் என்பது கணக்கு. ஆடத்தான் செய்தது. கூடவே நல்ல காற்றும் வந்தது. கம்பெனியில் தைத்த துணியைச் செக்கிங் பார்க்கும் பெண்கள் தலையணையோடு வந்துவிட்டார்கள்.

“அந்தச் செவப்பு லைட்ட மட்டும் கொஞ்சம் கொறைச்சு விடுங்கண்ணே” என்றாள் அவர்களில் ஒருத்தியான பாண்டியம்மாள்.

கடைசியில் தங்கதுரையே மனமிரங்கினார். “தையல் மெஷினெல்லாம் ஒரு சத்தமா மாப்ளே? தறிச் சத்தம் வெய்யுங்க. செத்தவனே எந்திரிச்சு ஓடிருவான்.”

சொன்னதோடு நிற்காமல், வீட்டுக்கு வீடு தறி ஓடும் சோமனூருக்கே போய், தெரிந்தவர் தறிக்கூடத்தில் போனை வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தபோது குடோன் தகரமே அதிர்ந்தது. சென்னியப்பன் மற்ற எல்லாரையும் விரட்டிவிட்டு, சோதனைக்குத் தங்கதுரையை மட்டும் உள்ளே அனுப்பினார். தங்கதுரை போனார். போனவர் போனவர்தான்.

அவரைக் கூப்பிடுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கூலிங் கிளாஸும் கைப்பையுமாக வேல்விழி இறங்கினார்.

“மிஸ்டர் சென்னியப்பன், இந்த மாதிரி இன்ஸ்டலேஷன் நிறையப் பார்த்தாச்சு. என்னை டிஸ்டர்ப் பண்ணணும். பண்ணலைன்னா அஞ்சே நிமிஷம், வெளியே வந்துடுவேன்.”

உள்ளே போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, வரவில்லை. கால் மணி ஆயிற்று, வரவில்லை.

“மேடம் எங்கயும் இவ்ளோ நேரம் நின்னதில்ல சார்” என்றார் டிரைவர் சுரேஷ், மரியாதையோடு.

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா பூங்குழலி? இதுக்குப் பேருதான் கலை!”

“அது சரிங்க. எங்கண்ணன் எங்க?”

இருவரும் துணியை விலக்கிப் பார்த்தார்கள். ஒரு ஃபைபர் கையில் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தது. இன்னொரு கையில் கைப்பை. இந்த ஓரம் தங்கதுரை, அந்த ஓரம் வேல்விழி மேடம். இரண்டு பேருமே வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள்.

சென்னியப்பனின் கண்முன்னால் ஜட்டிப் பாப்பா வந்து சிரித்தது. ‘எல்லாம் போச்சு, இனி எதற்கு இது ஓடவேண்டும்’ என்று மெயின் சுவிட்சை அணைத்தார்.

தறிச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஐயோ!” என்று உள்ளே ஓர் அலறல். வேல்விழி செருப்பு கூடப் போடாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். தலையெல்லாம் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு. பின்னாலேயே தங்கதுரை கொட்டாவி விட்டபடி வந்தார்.

“மன்னிச்சுக்குங்க மேடம், பதற வைக்கோணும்னுதான் செஞ்சேன். தூங்க வெச்சுப்போட்டேன்.”

“செலக்டட்! என் கையைப் பாருங்க, இன்னும் நடுங்குது. அந்த நிறுத்தற ஐடியா உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?”

“அப்ப என்ற பாப்பா என்னாகறது?” என்றார் தங்கதுரை.

அவரை யாரும் கவனிக்கவில்லை. சென்னியப்பன் திருதிருவென்று விழித்தார். “நிறுத்துனதுக்கா மேடம் நடுங்கறீங்க?”

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் வேல்விழி. சென்னைப் பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“பொறந்து வளந்ததெல்லாம் சோமனூருங்க; தறி ஓடற வரைக்கும் எங்கூட்ல எல்லாரும் நல்லாத் தூங்குவோம், நின்னாத்தானுங்க பதறுவோம்!”