மூலை மெஷினுக்கும் ஒரு பொட்டு

சூர்யகலாவின் மடிக்கணினி சரஸ்வதி படத்துக்கு முன்னால், வாழையிலையின் மேல், சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. அதன் தலைமேல் மகளின் பாடப் புத்தகங்கள், கணவன் சந்தோஷின் செல்போன் கடை ஸ்க்ரூடிரைவர்கள், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு அரிவாள்மணை.

"அத்தே, ஒரே நிமிஷம். தெறந்து பாத்துட்டு மூடிடறேன்."

"இன்னிக்குத் தொடவே கூடாது," என்றாள் மாமியார் லட்சுமியம்மாள். "நாளைக்குக் காலைல எடுத்து, ஒரு வரி படிச்சிட்டு, அப்புறம் என்னா வேணா பண்ணு. சாமி ஆசீர்வாதம் பண்ணிக்கினு இருக்கும்போது நடுவுல வந்து புடுங்குவியா?"

சூர்யகலாவுக்கு வாதாடத் தெம்பில்லை. ஏழு வருடமாக ஒரு முனைவர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பேருந்தில் அலைகிறவளுக்கு வேறு எதற்குத்தான் தெம்பிருக்கும்? இடையில் ஒரு பிரசவம், ஒரு கொரோனா, இரண்டு முறை கைடு மாற்றம். நாளை மறுநாள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து என்று கடைசி எச்சரிக்கையும் வந்தாயிற்று.

அவள் ஆய்வைப் புரியவைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளச் சங்கிலி. அது சுருண்டு மடங்கி உருண்டையாகும்போது, சங்கிலியில் எங்கோ தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். யார் யாரோடு ஒட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் விடாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. அவள் எடுத்துக்கொண்டது மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைச் செடியை அழுகவைக்கும் ஒரு பூஞ்சையின் புரதம். அதன் ஒரு கோடியில் இருப்பவரும் மறு கோடியில் இருப்பவரும் கைகோத்திருக்கிறார்கள், அந்தப் பிடி விட்டால் புரதமே குலைந்துவிடும் என்பது அவள் கட்சி.

"ரெண்டு பேரு ஒட்டிக்கினு இருக்கறதப் பாக்க ஏழு வருஷமா?" என்று லட்சுமியம்மாள் ஒருமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறாள். "நம்ம தெருவுல நான் ஒரே நாள்ல சொல்லிடுவேனே."

திண்டிவனத்துக் கல்லூரி லேபின் மூலையில் இருக்கும் பழைய மெஷின் அந்தக் கணக்கைத்தான் மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஆடி அசையும் புரதத்தை லட்சக்கணக்கான படங்களாக்கி, ஒவ்வொரு படத்திலும் யார் யாரைத் தொடுகிறார்கள் என்று அளக்க வேண்டும். நடுநடுவே சேமிக்கச் சொன்னால் இன்னும் இழுக்கும் என்று அதையும் எடுத்துவிட்டிருந்தாள். இன்று சாயங்காலம் முடியவேண்டும். முடிந்தால் பட்டம். மடிக்கணினி இருந்தால் வீட்டிலிருந்தே எட்டிப் பார்த்திருப்பாள். அதுதான் அரிவாள்மணைக்கு அடியில் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருக்கிறதே.

செல்போன் மட்டும் பூஜையிலிருந்து தப்பியிருந்தது. லேப் உதவியாளர் வீரமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மூலையில இருக்கற மெஷின் ஓடுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"ஓடுதாவா? இன்னிக்கா?" வீரமுத்து பதறிவிட்டார். "கத்தரிக்கோலுக்குக் கூட லீவு உட்டு வெச்சிருக்கேன் மேடம். இது ஒண்ணு மூலையில ஒளிஞ்சிக்கினு ஓடிக்கினு இருக்குதா! நல்லவேள சொன்னீங்க. நான் கவனிக்கவே இல்ல."

"அய்யோ, நிறுத்தாதீங்கண்ணே!"

"ஆயுத பூஜ அன்னிக்கு வேல வாங்கினா அந்த மெஷின் நம்மள சும்மா உடுமா மேடம்?"

சும்மா இருந்த மனிதரை நாமே உசுப்பிவிட்டோமே என்று சூர்யகலா தன்னையே நொந்துகொண்டாள். வீரமுத்து யார் பேச்சைக் கேட்பார்? கைடு விருத்தாசலம் சார் பேச்சைக் கேட்பார். உடனே சாரைப் பிடித்தாள்.

"சார், மூலை மெஷினை அணைக்க வேணாம்னு வீரமுத்து அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"அது ஓடிக்கிட்டா இருக்கு?" என்றார் விருத்தாசலம். "போன வருஷம் இதே மாதிரி ஒரு மெஷினைப் பூஜை அன்னிக்கு ஓட விட்டுட்டோம்மா. என்ன ஆச்சு? ஏசி போச்சு. என் ப்ரமோஷன் போச்சு. நீ கவலைப்படாதே, நானே நேர்ல வந்து பாத்துக்கறேன்."

இயற்பியலில் ஒன்று, உயிரியலில் ஒன்று என்று இரண்டு முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். சூர்யகலா போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மை எடுபடாத இடத்தில் பொய்தான் கதி. மறுபடியும் வீரமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அந்த மெஷினுக்குள்ள ஓடறது சாதா வேலை இல்ல. கோடி அர்ச்சனை மாதிரி. மூணு வாரமா நடக்குது, இன்னிக்குப் பூர்த்தி. பாதியில நின்னா..."

"தோஷமா?" வீரமுத்துவின் குரல் தழைந்தது.

"பெரிய தோஷம்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்? நான் இருக்கற வரைக்கும் ஒருத்தரும் கை வெக்க முடியாது."

அப்பாடா என்று அவள் ஒரு வடையை எடுத்து வாயில் வைப்பதற்குள் போன் அடித்தது.

"மேடம், அர்ச்சனைன்னு சொன்னீங்களா, மனசு கேக்கல. பக்கத்துலயே ஒரு வெளக்கு ஏத்தி வெச்சிட்டேன். இப்ப சாம்பிராணி போடறேன். நல்லா உள்ள இஸ்துக்குது மேடம், பின்னாடி ஒரு ஃபேன் இருக்குது பாருங்க!"

வடை அப்படியே நின்றது. "அண்ணே, பொகை உள்ள போச்சின்னா மெஷின் பூடும்! வெளக்க எடுங்க! ஒயரெல்லாம் அங்கதான் இருக்கு!"

"ஏத்துன வெளக்க எடுக்கறதா? நீங்க படிச்சவங்க, இப்படிப் பேசலாமா?"

அடுத்த நிமிடம் சூர்யகலா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பூஜ அன்னிக்கு வாசப்படி தாண்டிப் போறா பாரு," என்றாள் லட்சுமியம்மாள்.

"தீப்புடிக்கப் போவுது அத்தே!"

"இங்கயா?"

"திண்டிவனத்துல!"

"அதுக்கு நீ ஏன் போற?" என்ற மாமியாரின் நியாயமான கேள்விக்குப் பதில் சொல்ல அவள் நிற்கவில்லை.

பேருந்துக்கு இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. புறப்படுவதற்கு முன் டிரைவர் கற்பூரம் காட்டினார். விக்கிரவாண்டியில் நிறுத்தி, ஏற்கெனவே உடைத்தது சரியாக உடையவில்லை என்று இன்னொரு பூசணிக்காய் உடைத்தார்கள். சுங்கச்சாவடியில் முன்னால் நின்ற லாரிக்காரருக்கும் அதே எண்ணம் தோன்றியிருந்தது. சூர்யகலா கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எதிரே சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைப் பார்க்கையில் அவளுக்குத் தன் ஆய்வேடுதான் ஞாபகம் வந்தது.

அங்கேதான் வீரமுத்துவின் குரல் பதிவு வந்தது.

"மேடம், விருத்தாசலம் சார் வந்தாரு. மூலையில என்னய்யா எரிஞ்சிக்கினு இருக்குதுன்னு ஒரே பேஜாரு பண்ணிட்டாரு. வேற வழியில்லாம அமுத்திட்டேன். வெளக்கும் குளுந்துடுச்சி. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

அதை நான்கைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் அமுத்தினார். கூப்பிட்டால் எடுக்கவில்லை. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். திரும்பிப் போக எதிர்ப் பக்கம் நின்று பேருந்து பிடிக்க வேண்டுமே என்ற மலைப்பில் உட்கார்ந்தபடியே திண்டிவனம் வந்து சேர்ந்தாள்.

கல்லூரி வாசலில் பேருந்துகள் வரிசையாக நின்றன. பூஜை முடிந்த சந்தோஷத்தில் டிரைவர்கள் ஆளுக்கொரு ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு காதைக் கிழித்தது. லேபுக்குள் சாம்பிராணி வாசனை. துப்புரவு வேலை பார்க்கும் பவுனு, சிந்திய பொரியை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மூலையில் திரை கறுப்பாகக் கிடந்தது. கீழே மெஷினின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. பொத்தானும் தெரியவில்லை, அதன் பக்கத்தில் மினுக்கும் பொடி விளக்கும் தெரியவில்லை.

ஒருவேளை உயிர் கொடுத்துப் பார்த்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமோ? நப்பாசை யாரை விட்டது? சந்தனத்துக்குள் விரலை விட்டுப் பொத்தானை அழுத்தினாள். அந்தக் கிழட்டு மெஷினை எழுப்ப வேண்டுமானால் அழுத்தியபடியே கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பது லேபில் எல்லாருக்கும் தெரிந்த சூட்சுமம். பிடித்திருந்தாள். வெளியே ஹாரன்கள் அலறின. திரையில் ஒன்றும் வரவில்லை.

அப்புறம்தான் திரையின் சுவிட்சும் அணைந்திருப்பதைக் கவனித்தாள். ஒன்றையும் பாக்கி வைக்கவில்லையே இந்த மனுஷன், என்ன பக்தி! அதையும் போட்டுவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள். மெஷின் இருமிக்கொண்டு எழுந்தது. கணக்கு ஓடிய இடத்தைத் திறந்தாள். காலி. மூன்று வாரமாகக் கைகோத்துக்கொண்டிருந்த அத்தனை அமிலங்களும் போன இடம் தெரியவில்லை.

அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஆனால் வீரமுத்து இந்த முறை போனை எடுத்துவிட்டார்.

"கிளியனூர் வந்துட்டேன் மேடம், சாப்பிட்டுக்கினு இருக்கேன்."

"நல்லா சாப்பிடுங்கண்ணே! என் ஏழு வருஷத்தையும் சேத்து சாப்பிடுங்க! தோஷம்னு சொல்லியும் அமுத்தினீங்களே, நல்லா இருங்க!"

"மேடம், நான் எங்க..."

"பேசாதீங்க!"

போனை வைத்தாள். ஏழு வருடம் போயே போய்விட்டது என்பது அப்போதுதான் உறைக்க, நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஹாரன் சத்தம் ஒருவழியாக ஓய்ந்தது.

பவுனு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கை பொரியோடு பக்கத்தில் வந்து நின்றாள். ஆதரவாக அவள் தோளைத் தட்டினாள்.

"வீரமுத்துவப் போயி ஏன் கண்ணு திட்டற? டிவிய மட்டும் அமுத்திட்டு, 'கீழ இருக்கற பொட்டிய யாரும் தொடாதீங்க, உள்ள அர்ச்சன நடக்குது'ன்னு சத்தியம் வாங்கிக்கினுதான் போனாரு. அதுவும் காலைலேர்ந்து உர்ரு உர்ருன்னு கத்திக்கினே கெடந்துது, நீ வந்து ஒரு அமுத்து அமுத்துன பாரு, கப்புனு அடங்கிடுச்சி. படிச்ச கை படிச்ச கைதான்!"